ஈஸ்டர்ல இருந்து வேளாங்கண்ணி திருவிழா வரைக்கும் உங்க காரிடார்ல வெயில் இருக்கும்

சிங்கப்பூர் அங் மோ கியோவுல இருந்து ஒரு வாசகி எழுதியிருக்காங்க, பேர் போட வேண்டாம்னு கேட்டிருக்காங்க. அவங்க கடிதம் சுருக்கமா இது:

"எனக்கு 64 வயசு. போன ஆகஸ்ட்ல வீட்டுக்காரர் தவறிட்டார். எட்டாவது மாடி காரிடார்ல அவர் வளர்த்த மல்லி ரெண்டு தொட்டி இருக்கு. அதுல பூ பறிச்சு கட்டி சனிக்கிழமை ஓஃபிர் ரோடு லூர்து மாதா கோயிலுக்கு கொண்டு போவோம். அக்டோபர்ல இருந்து ஒரு மொட்டு கூட இல்ல. காலையும் சாயங்காலமும் தண்ணி ஊத்துறேன், வாரா வாரம் உரம் போடுறேன், இலை மஞ்சளாகி கொட்டுது. அவரோட சேர்ந்து செடியும் போயிருச்சோன்னு இருக்கு. அவர் இருந்தப்போ ஜூன் மாசம் வெயில் மூஞ்சில அடிக்குதுன்னு காரிடார்ல மூங்கில் தட்டி, அதான் சிக், கட்டுவார், அக்டோபர் வந்தா தொட்டிய தூக்கி அடுப்படி பக்கம் வச்சிடுவார், ஏன்னு நான் கேட்டதில்ல. மக இதை தூக்கிப் போட்டுட்டு ஆர்க்கிட் வாங்கலாம்ங்குறா. செபமாலை எடுத்தா 53 மணி முடிக்க முடியல. பூசைல உக்காந்தா மனசு ஒட்ட மாட்டேங்குது, ஆனா செடி பக்கத்துல நின்னா கொஞ்சம் நிம்மதியா இருக்கு. இது பாவமா? நாகப்பட்டினம் பக்கம் எங்க ஊர்ல பனி, வெயில், மழைன்னு ஒரு வரிசை இருந்துச்சு, இங்க எல்லா நாளும் ஒரே நாள் மாதிரி இருக்கு. எத வச்சு நம்பிக்கையா இருக்குறது?"

அன்புள்ள அக்கா,

முதல்ல செடிய பத்தி சொல்லிடுறேன், ஏன்னா நீங்க கேட்ட மத்த கேள்விக்கெல்லாம் பாதி பதில் அங்கேயே இருக்கு. உங்க மல்லி சாகல. நான் முதியோர் மையங்கள்ல செடி வளர்ப்பு வழியா மனசுக்கு ஆறுதல் குடுக்குற வேலை பாக்குறவ, நேர்ல பாக்காம ஒரு செடிய பத்தி இவ்வளவு உறுதியா சொல்றது என் பழக்கம் இல்ல, ஆனா உங்க கடிதத்துலயே துப்பு இருக்கு, அதை எழுதுனது நீங்க, செஞ்சது உங்க வீட்டுக்காரர். ஜூன்ல சிக் கட்டுவார், அக்டோபர்ல தொட்டிய அடுப்படி பக்கம் மாத்துவார்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த ஒரு வரி போதும். உங்க காரிடார் வடக்கு பாத்தது, அடுப்படி தெற்கு பாத்தது. போன்ல திசைகாட்டி இருக்கும், மகள வச்சு ஒரு தடவ பாத்துக்கோங்க, அனேகமா சரியாத்தான் இருக்கும்.

சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரிக்கு கொஞ்சம் மேல, வடக்க இருக்கு. அதனால சூரியன் வருஷத்துல பாதி நாள் நம்ம தலைக்கு வடக்கு பக்கமாவும் பாதி நாள் தெற்கு பக்கமாவும் போகும். மார்ச் 24 வாக்குல நேரா தலைக்கு மேல வந்து வடக்க தாண்டும், செப்டம்பர் 20 வாக்குல திரும்ப தலைக்கு மேல வந்து தெற்க போயிடும். அப்போ வடக்கு பாத்த காரிடார்ல மார்ச் கடைசில வெயில் மெல்ல எட்டிப் பாக்க ஆரம்பிக்கும், மே ஜூன்ல காலையும் சாயங்காலமும் சாய்வா நல்லா உள்ள வரும், செப்டம்பர் முடிஞ்சா நேர் வெயில் சுத்தமா இருக்காது, மூடுன வெளிச்சம்தான். மல்லிக்கு ஒரு நாளைக்கு அஞ்சாறு மணி நேரம் நேர் வெயில் வேணும், இல்லேன்னா இலையா விட்டுக்கிட்டு சும்மா இருக்கும், மொட்டு வைக்காது. உங்க வீட்டுக்காரர் இதை எங்க படிச்சாரோ இல்ல பாத்து பாத்து தெரிஞ்சுக்கிட்டாரோ தெரியாது, வருஷா வருஷம் வெயில் போற பக்கம் தொட்டிய தூக்கிட்டுப் போயிருக்கார். போன அக்டோபர்ல தூக்கி வைக்க ஆள் இல்ல, அவ்வளவுதான் நடந்துருக்கு. இதுல உங்க குறைன்னு எதுவும் இல்ல அக்கா, ஆகஸ்ட்ல அவரை அடக்கம் பண்ணிட்டு அக்டோபர்ல தொட்டி எந்தப் பக்கம் இருக்கணும்னு யாருக்கு ஞாபகம் வரும்.

அதோட, டிசம்பர் ஜனவரி வடகிழக்கு பருவமழை, காத்தும் சாரலும் உங்க காரிடார் பக்கமாத்தான் அடிச்சிருக்கும். வெயில் இல்லாத இடம், சாரல்ல நனைஞ்ச மண்ணு, அதுக்கு மேல நீங்க ரெண்டு வேளை தண்ணி. இலை மஞ்சளாகறதுக்கு அதுதான் காரணம், வேர் மூச்சு விட முடியாம நிக்குது. துணைய இழந்தவங்க வீட்டுச் செடிங்க தண்ணி பத்தாம வாடுறத விட தண்ணி கூடிப் போய் வாடுறதத்தான் நான் அதிகமா பாக்குறேன், கை எதையாவது கவனிச்சுக்கிட்டே இருக்கணும்னு தேடும்ல, அது அன்புதான், செடிக்குத்தான் அவ்வளவு தேவைப்படாது.

இப்போ பிப்ரவரி, மழை குறைஞ்ச மாசம், நல்ல நேரத்துல எழுதியிருக்கீங்க. உரத்த இன்னைக்கே நிறுத்துங்க. ஆள் விரல மண்ணுல ரெண்டாவது கணு வரைக்கும் விட்டுப் பாருங்க, ஈரமா இருந்தா அன்னைக்கு தண்ணி வேண்டாம். தொட்டிய அடுப்படி பக்கம் மாத்துங்க, துணி காயப் போடுற இடத்துல தரையில வைங்க, ஜன்னல் விளிம்புல மட்டும் வைக்கவே கூடாது, கீழ யாரு தலையிலயாவது விழுந்தா உயிர் போற விஷயம். நீங்களே தூக்காதீங்க, மகளோ மருமகனோ தூக்கட்டும். வேர் அழுகின வாடை அடிச்சா மட்டும் தொட்டிய கவுத்து கருப்பா கொழகொழன்னு இருக்குற வேர வெட்டிட்டு நர்சரில கிடைக்குற சுட்ட மண்ணு கொஞ்சம் கலந்து புதுசா நடுங்க, வாடை இல்லேன்னா வேர தொட வேண்டாம்.

இனி இங்க எல்லா நாளும் ஒரே நாள்னு சொன்னீங்களே, அதுக்கு வர்றேன். நம்ம ஊர்ல இருந்து வந்த எல்லாரும் இதை சொல்றாங்க, எனக்கு இதுல உடன்பாடு இல்ல. சிங்கப்பூர்ல பருவம் இருக்கு, சத்தம் போடாம வருது, கவனிச்சாத்தான் தெரியும். உங்க காரிடாரையே எடுத்துக்கோங்க. ஈஸ்டர் எப்போ வரும்? மார்ச் 21 அன்னைக்கோ அதுக்கு அப்புறமோ வர்ற பௌர்ணமிக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை, அதனால மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவுலதான் விழும். அதாவது திருச்சபை ஈஸ்டருக்கு நாள் குறிக்கிறதே சூரியன் பூமத்திய ரேகைய தாண்டி வடக்க வர்ற நேரத்த வச்சுத்தான். ஐரோப்பாவுல அது வசந்த காலம், பனி உருகி பூ வரும், அதைப் பாத்துட்டு நமக்கு அது இல்லையேன்னு நினைக்கிறோம், ஆனா அதே சூரியன் அதே வாரங்கள்ல உங்க எட்டாவது மாடி காரிடாருக்கும் திரும்பி வருது. அப்புறம் மே மாசம், மாதா வணக்க மாசம், அப்போதான் உங்க காரிடார்ல வெயில் நல்லா ஏறும். ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணில கொடியேத்தி செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் திருவிழா முடியுது, அதுக்கு கொஞ்ச நாள் கழிச்சு செப்டம்பர் 20-ஐ ஒட்டி வெயில் உங்க காரிடார விட்டு தெற்க போகுது. ஈஸ்டர்ல இருந்து வேளாங்கண்ணி திருவிழா வரைக்கும், அதுதான் உங்க வீட்டோட பூக்காலம். நாகப்பட்டினம் பக்கத்துக்காரருக்கு இதை விட பொருத்தமான காலண்டர் வேற இருக்குமா சொல்லுங்க. சனிக்கிழமை சனிக்கிழமை அவர் கட்டிக்கிட்டுப் போன பூ இந்த வரிசையிலதான் வந்திருக்கு.

அதுக்கு முன்னாடி தவக்காலம் இருக்கு. சாம்பல் புதன்ல இருந்து பீடத்துல பூ வைக்க மாட்டாங்க, நீங்க சின்ன வயசுல இருந்து பாத்திருப்பீங்க, அது வழக்கம் மட்டும் இல்ல, திருப்பலி நூலோட பொதுப் படிப்பினையிலேயே அப்படித்தான் இருக்கு. நாலாவது ஞாயிறு, சூசையப்பர் திருநாள் மார்ச் 19, மங்கள வார்த்தை திருநாள் மார்ச் 25 மாதிரி பெருவிழாக்கள், விழாக்கள் தவிர பூ இல்ல. கோயிலே ஆறு வாரத்துக்கு மேல பூவில்லாம நிக்குது, யாரும் நம்பிக்கை போயிருச்சுன்னு சொல்றதில்ல. உங்க தொட்டியும் பூவில்லாம நிக்கட்டும் அக்கா, மாதாவுக்கு கொண்டு போக பூ இல்லையேன்னு இந்த மாசம் நீங்க சங்கடப்படவே வேண்டாம். வேணும்னா பஃபலோ ரோட்டுல ஒரு முழம் வாங்கிட்டுப் போங்க, வெறுங்கையோட போனாலும் சரி.

நீங்க போற கோயில் 1888-ல இருந்து நம்ம தமிழ் கத்தோலிக்கர்களோட கோயில், லூர்து மாதா பேர்ல இருக்குற கோயில், அதனால லூர்துல நடந்த ஒண்ணு சொல்றேன். 1858-ல பிரான்ஸ்ல இருக்குற அந்த லூர்து ஊர்ல பெர்னதெத்ங்குற சின்னப் பொண்ணுக்கு மாதா காட்சி குடுத்துக்கிட்டு இருந்த நேரம், பங்கு சாமியார் பெய்ரமாலுக்கு நம்பிக்கை வரல. அந்தக் குகையில ஒரு காட்டு ரோஜாச் செடி இருந்துச்சு, குளிர்காலம், இலை கூட இல்ல. உண்மையிலேயே மாதான்னா அந்த ரோஜாவ இப்போ பூக்க வைக்கச் சொல்லுன்னு அந்தப் புள்ளகிட்ட சொல்லி அனுப்புறார். பெர்னதெத் போய் கேக்குது. மாதா சிரிச்சாங்க. ரோஜா பூக்கல. எனக்கு இந்தப் பகுதி ரொம்ப முக்கியமா படுது, ஏன்னா மெக்சிகோவுல குவாதலூப்பேல 1531 டிசம்பர்ல மலை மேல பூக்காத நேரத்துல பூத்த ரோஜாவ மாதா காட்சி கண்ட யுவான் தியேகோ மேலாடையில அள்ளிட்டுப் போனதா நம்ம பாரம்பரியத்துல இருக்கு, அதே மாதா லூர்துல ஒரு செடியையும் அவசரப்படுத்தல. அதுக்கு சில நாள் முன்னாடி பிப்ரவரி 25 அன்னைக்கு பெர்னதெத் சேத்துல கையால தோண்டுன இடத்துல வந்த ஊத்து இன்னைக்கும் ஓடுது, ரோஜா மட்டும் அதோட நேரத்துல பூத்துக்கட்டும்னு விட்டுட்டாங்க. பூக்காததால மாதா அங்க இல்லைன்னு ஆகல. நீங்க தொட்டிய பாத்து அடையாளம் தேடுறீங்கன்னு உங்க எழுத்துல தெரியுது, அதனாலதான் இதை இவ்வளவு நீளமா சொல்றேன்.

ஆனா ஒண்ணு. செடிக்கு மார்ச்ல வெயில் வரும்னு சொன்ன மாதிரி உங்க துக்கத்துக்கும் ஒரு தேதி இருக்குன்னு நான் சொல்ல மாட்டேன். சூரியன் வர்ற நாள கணக்கு போட்டு சொல்லலாம், மனசுக்கு அப்படி கணக்கு கிடையாது, ஆறு மாசத்துல சரியாயிடும் ஒரு வருஷத்துல சரியாயிடும்னு யாராவது சொன்னா காதுல வாங்காதீங்க. ஈஸ்டர் அன்னைக்கு எல்லாரும் அல்லேலூயா பாடும்போது உங்களுக்கு அழுகை வரலாம், மே மாசம் மல்லி பூத்தா அந்த வாசனையிலயே இன்னும் அதிகமா அழுகை வரலாம், அவர் வளர்த்த செடியாச்சே. வரட்டும். செடி பூத்துருச்சு நான் ஏன் இன்னும் இப்படி இருக்கேன்னு உங்களையே திட்டிக்காதீங்க.

பாவமான்னு கேட்டீங்க. இல்ல. இதுக்கு நான் சொல்றத விட யோவான் எழுதுனத எடுத்துப் பாருங்க, பத்தொன்பதாவது அதிகாரமும் இருபதாவது அதிகாரமும். ஆண்டவர அடக்கம் பண்ண இடம் ஒரு தோட்டம். விடியறதுக்கு முன்னாடி மகதலா மரியா அங்க போய் அழுதுக்கிட்டு நிக்குறாங்க, அவங்களுக்கு அன்னைக்கு செபம் பண்ற தெம்பு இருந்ததா எங்கயும் எழுதல, உடம்ப எங்க வச்சீங்கன்னுதான் கேட்டுக்கிட்டு இருக்காங்க. பக்கத்துல நிக்குறவர தோட்டக்காரர்னு நினைச்சுக்குறாங்க. அவர் பேர் சொல்லி கூப்பிட்ட பிறகுதான் அடையாளம் தெரியுது. உயிர்த்த ஆண்டவர் அங்க காட்சி குடுத்தது தோட்டத்துல அழுதுக்கிட்டு நின்ன ஒரு பொம்பளைக்கு. அப்படி இருக்க உங்க தொட்டி பக்கத்துல நிக்கும்போது வர்ற நிம்மதிய சந்தேகப்பட காரணமே இல்ல. பிரான்சிஸ் பாப்பரசரும் 2015-ல எழுதுன சுற்றுமடல்ல ஒரு இலையில, ஒரு பனித்துளியில கூட கடவுளோட மறைபொருள் இருக்குன்னு சொல்லியிருக்கார். அவர் 2024 செப்டம்பர்ல இங்க வந்தப்போ ஒரு வெள்ளை ஆர்க்கிட்டுக்கு அவர் பேர் வச்சாங்க, ஞாபகம் இருக்கும்.

ஆனா பூசைய விட்டுடாதீங்கன்னும் சொல்லுவேன், செடி போதும்னு விட்டுடக் கூடாது. மனசு ஒட்டலேன்னாலும் போய் பின்னாடி பெஞ்சுல உக்காருங்க, மத்தவங்க செபிப்பாங்க, நீங்க சும்மா இருங்க, நற்கருணை வாங்கிட்டு வாங்க. அதுக்குத்தான் கோயில்ல நாம கூட்டமா இருக்கோம். 53 மணி முடியலேன்னா தண்ணி ஊத்துற நாள்ல ஒரு தொட்டிக்கு ஒரு அருள்நிறை மரியே சொல்லுங்க, ரெண்டு தொட்டி ரெண்டு மணி, அவர் பேரையும் சொல்லிக்கோங்க. தொண்டை அடைச்சா அதோட நிறுத்திக்கோங்க.

இன்னொன்னும் இருக்கு, உங்களுக்கு ரொம்ப பிடிக்கும்னு நினைக்கிறேன். இங்க ரோட்டோர பெரிய மரக் கிளைங்கள்ல தானா ஒட்டி வளர்ற வெள்ளை ஆர்க்கிட் ஒண்ணு இருக்கு, பறக்குற புறா மாதிரி இருக்கும், புறா ஆர்க்கிட்டுன்னே சொல்லுவாங்க. சும்மா நாள்ல அது இருக்குறதே கண்ணுக்கு தெரியாது. திடீர்னு பெரிய மழை வந்து வெக்கை சட்டுனு இறங்குனா அந்தக் குளிர்ச்சிய வாங்கிக்கிட்டு, சுமார் ஒன்பது நாள் கழிச்சு, அந்தப் பக்கத்துல இருக்குற எல்லாச் செடியும் ஒரே நாள்ல பூக்கும், ஒரே நாள்தான் இருக்கும், மறுநாள் வாடிடும். ஒன்பது நாள் அக்கா. ஆண்டவர் விண்ணகம் போன பிறகு மாதாவும் சீடர்களும் ஒன்பது நாள் சேர்ந்து செபிச்சு காத்திருந்தாங்க, பத்தாவது நாள் பெந்தெகொஸ்தே, அதுல இருந்துதான் நம்ம நவநாள் வழக்கமே. அடுத்த தடவ இடி இடிச்சு பேய் மழை பெஞ்சா அன்னைக்கு காலண்டர்ல ஒரு குறி போடுங்க, ஒன்பது நாள் சின்னதா ஒரு செபம் சொல்லிக்கிட்டு வாங்க, ஒன்பதாவது பத்தாவது நாள் காலைல கீழ இறங்கி மரங்கள அண்ணாந்து பாத்துக்கிட்டே ஒரு நடை போங்க. கொஞ்சம் முன்ன பின்ன ஆகலாம், மழை பத்தலேன்னா பூக்காமலும் போகலாம், பரவாயில்ல. அதே மாதிரி காஞ்ச நாளுக்கு அப்புறம் நல்ல மழை பெஞ்சா மார்ச் ஏப்ரல் வாக்குல ரோட்டோரம் டிரம்பெட் மரம் பிங்க்கும் வெள்ளையுமா இலை தெரியாம பூக்கும், பஸ்ல ஜன்னல் பக்கம் உக்காருங்க. ஹார்ட்பார்க்ல 2016-ல திறந்த முதல் சிகிச்சைத் தோட்டத்துக்கும் ஒரு நாள் மகளோட போயிட்டு வாங்க, அங் மோ கியோகாரங்களுக்கு பீஷான் அங் மோ கியோ பார்க்லயே ஒண்ணு இருக்கு.

தூக்கம் சுத்தமா போயிருந்தா, சாப்பாடு இறங்கலேன்னா, இருந்து என்ன பிரயோஜனம்னு எண்ணம் வந்தா, அதுக்கு செடியும் நானும் பத்தாது. குடும்ப டாக்டர்கிட்ட சொல்லுங்க, எந்த நேரமும் 1767-க்கு, மனசு ஒடிஞ்சவங்களுக்கான உதவி எண் அது, போன் பண்ணலாம். பங்கு ஃபாதர்கிட்டயும் மனசு விட்டுப் பேசுங்க, பாவசங்கீர்த்தனம்னு இல்ல, சும்மா பேசவே போங்க.

இனி மார்ச்ல செய்ய வேண்டியது. சூசையப்பர் திருநாள ஒட்டி செடிய மூணுல ஒரு பங்கு வெட்டி விடுங்க, மல்லி புதுக் கிளை நுனியிலதான் மொட்டு வைக்கும், பழைய கிளைய பாவம் பாத்து விட்டு வச்சா பூ குறையும். மார்ச் கடைசி வாரத்துல தொட்டிய திரும்ப காரிடாருக்கு கொண்டு வாங்க, நடக்குற வழி 1.2 மீட்டர் விட்டு ஒதுக்கி வைங்க. துளிர் வந்த பிறகு பொட்டாசியம் கூடுன பூச்செடி உரம் கொஞ்சமா. தொட்டித் தட்டுல தண்ணி நின்னா ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொட்டிடுங்க, ஏடிஸ் கொசு முட்டையில இருந்து ஒரு வாரத்துலயே பறக்க ஆரம்பிச்சிடும். செப்டம்பர்ல திருவிழா முடிஞ்சதும் தொட்டி அடுப்படி பக்கம் போகணும், இப்பவே காலண்டர்ல எழுதி வைங்க.

வெட்டுன கிளைய குப்பைல போடாதீங்க. ஒரு சாண் நீளத்துல பச்சைக் கிளையா எடுத்து கீழ் இலைய உருவிட்டு ஈர மண்ணுல சொருகி நிழல்ல வைங்க, நாலுல இருந்து ஆறு வாரத்துல வேர் விடும், நாலஞ்சு கிளை வச்சா ரெண்டு மூணாவது பொழைக்கும். ஒண்ண மகளுக்கு குடுங்க, அவ வீடு எந்தத் திசை பாத்ததுன்னு கேட்டுட்டு எனக்கு எழுதுங்க, எந்த மாசம் எந்தப் பக்கம் வைக்கணும்னு அவளுக்கும் சொல்லித் தர்றேன்.